நான் பாராட்டி எழுதிய விரதம்

அறிக்கையின் பதினான்காம் பத்தி என்னுடையது. "இந்துக் கைதிகளின் சமய விரதம் இங்கே மதிக்கப்படுகிறது. மற்ற சிறைகளும் பின்பற்றத்தக்க நல்ல நடைமுறை." மலாயில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. என்னோடு வந்த டாக்டருக்குப் படித்துக் காட்டினேன், அவரும் நன்றாக இருக்கிறது என்றார். அந்த இரண்டு வரிக்குள் ஒரு மனிதர் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார் என்பது ஐந்து வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் முப்பத்தோரு ஆண்டு மனநல வார்டில் தாதியாக இருந்தவள். பென்சன் வாங்கிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் ரயில் சத்தம் கேட்கும் ஓர் அடுக்குமாடி வீட்டில் கணவரோடு இருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வார்டில் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'சம்பால்' என்று, காரமான மிளகாய்த் துவையலின் பெயரால், கூப்பிடுவார்கள். தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. சிறைகளில் மனநலச் சிகிச்சை எந்தத் தரத்தில் நடக்கிறது என்று பார்த்து எழுத ஒரு குழுவுக்கு ஆள் தேடியபோது, பழைய வார்டு டாக்டர் ஒருவர் என்னைச் சொல்லிவிட்டார். குழு என்றால் பெரிய கூட்டமெல்லாம் இல்லை. ஷா ஆலமில் இருக்கும் ஒரு மனநல டாக்டர், சீனப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது இளையவர். அப்புறம் நான். பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம். உத்தரவு போடும் அதிகாரம் மட்டும் எங்களுக்குக் கிடையாது.

டாக்டர் பதிவேடுகளில் தொடங்குவார். நான் சாப்பாட்டு நேரத்தில் போய் நிற்பேன். யார் சாப்பிடுகிறார், யார் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார், யார் தட்டு வந்தபடியே திரும்பிப் போகிறது என்று பார்ப்பேன். மனம் கெட்டால் அது முதலில் தட்டில் தெரியும். இதை எத்தனையோ பயிற்சித் தாதிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கூடவே இன்னொன்றையும் சொல்வேன்: நோயாளியின் வாயில் பதிலை வைத்துவிட்டுக் கேள்வி கேட்காதே. "தூங்கினீங்கதானே?" என்று கேட்டால் அவர் தலையாட்டத்தான் செய்வார். "ராத்திரி எப்படி இருந்துச்சு?" என்று கேள், கேட்டுவிட்டு வாயை மூடு. பரீட்சையில் இதில் தப்பு செய்தவர்களுக்கு நான் பாஸ் போட்டதே இல்லை.

அந்தச் சிறை எங்கே இருக்கிறது என்று எழுத மாட்டேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரில் ஒரு மணி நேரம். நாங்கள் முதல்முறை போனபோது தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. நானும் விரதத்தில் இருந்தேன். மதியம் ஒரு வேளை சைவச் சாப்பாடு, மாலையில் பால், அவ்வளவுதான். எங்களைச் சுற்றிக் காட்ட வந்த சிறைக் காவல் சார்ஜன் தமிழர். ஐம்பதை நெருங்கியவர், நெற்றியில் திருநீறு, பல வருடமாகப் பத்துமலைக்குக் காவடி எடுப்பவர். பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் "அக்காவும் விரதமா? மொகத்தப் பாத்தாலே தெரியுது" என்றார். உடனே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

தன் பொறுப்பில் இருந்த பிளாக்கில் விரதம் இருக்கும் கைதிகளின் பட்டியலை அவரே வெள்ளைப்பலகையில் எழுதி வைத்திருந்தார். சமையலறையில் பேசி, அவர்களுக்கு மதியம் தனியாகச் சைவம் வாங்கித் தந்தார். மேலிடத்தில் அனுமதி கேட்டு, மாலையில் பாலும் வாழைப்பழமும் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். சாப்பாட்டுப் பதிவேட்டில் ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வொரு கைதிக்கும் ஒரு கட்டம். சாப்பிட்டால் ஒரு டிக். சாப்பிடாவிட்டால் காரணம் எழுத வேண்டும். விரதக்காரர்களுக்கு 'புவாசா' என்று எழுதியிருந்தது. நோன்பு என்பதற்கு மலாய்ச் சொல். மலாய் வார்டர்கள் அந்தச் சொல்லைக் கண்டால் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். நோன்பில் இருப்பவனிடம் போய்ச் சாப்பிடு என்று வற்புறுத்துவது அவர்களுக்குப் பாவம். எனக்கு மனது நிறைந்துபோனது. நம் ஆட்களுக்கு இப்படி ஓர் இடத்திலும் இந்த மரியாதை கிடைக்கிறதே என்று நினைத்தேன்.

வரிசையின் கடைசி அறையில் அவர் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒடிசலான ஆள். போர்வை நேர்த்தியாக மடித்து வைத்திருந்தது. சுவரில் முதுகு ஒட்டி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மதியச் சோறு பக்கத்தில் கை படாமல் இருந்தது.

"இவரு கடும் விரதம் அக்கா," என்றார் சார்ஜன். "பால், பழம் மட்டும்தான். அதுவும் நான் கையில எடுத்துக் குடுத்தாத்தான். ஒரு சத்தம் கிடையாது, ஒரு கம்ப்ளெய்ன் கிடையாது. எல்லாரும் இவர மாதிரி இருந்துட்டா எனக்கு இங்க வேலயே இல்ல லா."

நான் குனிந்து, "விரதமாய்யா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் தாழ்த்தினார். நான் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். "முருகன் பாத்துப்பாரு" என்று வேறு சொல்லிவிட்டு நகர்ந்தேன். என் வயிறும் அப்போது காலியாக இருந்தது. அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு சொந்தம் தோன்றியது. அன்று மாலை வீட்டுக்கு வந்து பதினான்காம் பத்தியை ஒரே மூச்சில் எழுதினேன்.

தைப்பூசம் முடிந்தது. பால்குடம் எடுத்தேன், விரதம் முடித்தேன், அதற்கடுத்த வாரம் கணவர் பாசாரில் வஞ்சிர மீன் வாங்கி வந்து அவரே பொரித்தார். இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அறிக்கை தட்டச்சாகி வந்தது, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்தக் கடைசி அறை ஆளை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

தைப்பூசம் கழிந்து மூன்று வாரத்தில் மறுபடி போக வேண்டியிருந்தது. மருந்து அலமாரியின் சாவி யார் யார் கையிலோ புழங்குகிறது என்று முதல் அறிக்கையில் டாக்டர் எழுதியிருந்தார். அதைச் சரி செய்தார்களா என்று பார்க்கும் சின்ன வேலை. டாக்டருக்கு வேறு சோலி, நான் மட்டும் போனேன். வெள்ளிக்கிழமை. முஸ்லிம்களின் நோன்பு மாதம் தொடங்கி சில நாள் ஆகியிருந்தது.

வாசலில் கைதிகளைப் பார்க்க வருகிறவர்கள் காத்திருக்க ஒரு கொட்டகை உண்டு. நான் காரைப் பூட்டிவிட்டு வரும்போது அங்கிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும், கையில் ஒரு துணிப்பை.

"அக்கா, உள்ள வேல செய்றீங்களா?"

"வேல இல்லம்மா, பார்வையிட வந்திருக்கேன். என்ன விஷயம்?"

"என் தம்பி உள்ள இருக்கான். கிள்ளான்லேருந்து வரேன். இதோட நாலாவது தடவ. பேர் குடுத்தா, வரமாட்டேன்னு சொல்றான்னு திருப்பி அனுப்பிடுறாங்க. ஒரு வார்த்த சொல்லி வரச் சொல்றீங்களா?"

தம்பி லோரி ஓட்டியவர் என்றார். ஷா ஆலம் பக்கம் ஒரு விபத்து, மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் இறந்துவிட்டார், அதற்காகத் தண்டனை. எந்தப் பிளாக் என்று சொன்னார், ஆள் எப்படி இருப்பார் என்றும் சொன்னார். கடைசி அறை என் கண்முன் வந்தது. விதிப்படி நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. ஆறுதல் சொல்லும் அவசரத்தில் திறந்தேன்.

"நான் பாத்தேம்மா. அமைதியா இருந்தாரு. தைப்பூசத்துக்கு விரதம்கூட இருந்தாரு."

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "விரதமா? நாங்க சர்ச்சுக்குப் போறவங்க அக்கா. எங்கப்பா காலத்துலேருந்து. அவன் ஞாயித்துக்கிழம கிட்டார் வாசிப்பான்."

அந்த மனிதரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கேட்டால் நீங்களும் இந்து என்றுதான் நினைப்பீர்கள். அவருடைய அக்கா தொடர்ந்து பேசிக்கொண்டே போனார். "அவனாவது பட்டினி கெடக்கறதாவது. கொழம்புல உப்பு கொறஞ்சா தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிடுவான். அம்மா இருந்த வரைக்கும் தெனமும் அந்தச் சண்டதான். அக்சிடென்டுக்கு அப்புறம்தான் ஒரு மாதிரி ஆயிட்டான். கிளினிக்ல மனசுக்கு மாத்திர குடுத்தாங்க. அத உள்ள குடுக்கறாங்களா அக்கா?"

"இங்கயே இருங்க, போயிடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். வாசலில் கைத்தொலைபேசியை ஒப்படைத்துவிட்டு உள்ளே ஏறக்குறைய ஓடினேன். மருந்து அலமாரிச் சாவியை அதோடு மறந்தேன்.

காவல் அறையில் சாப்பாட்டுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். தைப்பூசத்துக்கு மறுநாளிலிருந்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் டிக் வந்திருந்தது. ஒருவர் பெயருக்கு எதிரில் மட்டும் 'புவாசா', 'புவாசா', 'புவாசா' என்று பக்கம் பக்கமாகத் தொடர்ந்தது. ஐந்தாறு பேரின் கையெழுத்து. முந்தின நாள் கட்டத்தைப் பார்த்து அடுத்த நாள் ஆள் அப்படியே எழுதியிருக்கிறார். நோன்பு மாதம் பிறந்த பிறகு அந்தச் சொல் யார் கண்ணையுமே உறுத்தவில்லை.

அவருடைய நுழைவுப் படிவத்தையும் எடுக்கச் சொன்னேன். இனம்: இந்தியர். சமயம்: இந்து. மனநோய்: இல்லை. அவரிடம் கேட்டு எழுதியது போலவே தெரியவில்லை. எடை, உள்ளே வந்த அன்று போட்ட ஓர் எண்ணோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே எல்லாக் கட்டமும் காலி. இந்தப் படிவத்தை முதல் வருகையிலேயே நான் கேட்டிருக்கலாம். வெள்ளைப்பலகையைப் பார்த்து மனம் நிறைந்துபோனதால் கேட்கவில்லை.

சார்ஜனைக் கூப்பிட்டேன். தைப்பூசம் முடிந்து ஒரு வாரம் விடுப்பில் இருந்தவர், திரும்பி வந்து மாலைப் பாலை மட்டும் விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். பதிவேட்டைக் காட்டி, இந்தக் கைதி கிறிஸ்தவர் என்றேன். அவர் முகம் வெளுத்தது.

"நான்தான் மொதல்ல எழுதுனேன் அக்கா. தட்டு அப்படியே திரும்பி வந்துச்சு. நம்ம ஆளு, தைப்பூச மாசம். வேற என்னன்னு நெனைக்கறது?"

"அவர் வாயால சொன்னாரா, விரதம்னு?"

"சொல்லல." பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். "நீங்களும் கேட்டீங்களே அக்கா. அப்பவும் அவரு ஒன்னும் சொல்லலயே."

என்னைக் குத்திக் காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். எனக்கு முகத்தில் அறை விழுந்தது போல இருந்தது. கத்த வேண்டும் போலவும் இருந்தது, ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. கோபம் வந்தால் எனக்கு எப்போதும் எதிரில் ஓர் ஆள் கிடைத்துவிடுவார். அன்று கிடைக்கவில்லை.

அறைக் கதவைத் திறக்கச் சொல்லி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சார்ஜன் எனக்குப் பின்னால் நின்றார். அதே இடம், அதே சுவர், மடித்த போர்வை. ஆள்தான் பாதியாகிவிட்டார். கன்னம் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. கையைப் பிடித்து நாடி பார்த்தேன், புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டேன். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீர் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"உங்களுக்கு மத்தியானம் சாப்பாடு வருதே, அதப் பத்திச் சொல்லுங்க," என்றேன். சொல்லிவிட்டு வாயை மூடினேன். என் வாய்க்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பத்து நிமிடம் ஆகியிருக்கும், கால் மணிகூட ஆகியிருக்கலாம். தூரத்தில் யாரோ இருமினார்கள். பின்னால் சார்ஜன் கால் மாற்றி நின்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அது எனக்கு இல்லக்கா," என்றார் அவர். குரல் காற்றாக வந்தது.

"யாருக்கு?"

"உசுரோட இருக்கறவங்களுக்கு."

நான் காத்திருந்தேன்.

"அன்னிக்கு ரோட்டுல ரெண்டு பேர் செத்தோம். ஒருத்தர் பேருதான் பேப்பர்ல வந்துச்சு. என் பேரப் போட மறந்துட்டாங்க."

இதை என் வார்டு வாழ்க்கையில் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மனச்சோர்வு முற்றிப்போய், தான் ஏற்கெனவே செத்துவிட்டதாக ஒருவர் உறுதியாக நம்புவார். செத்தவருக்குப் பசி இல்லை, தாகம் இல்லை, பார்க்க வரும் அக்காளும் இல்லை. சாப்பிடாமல் இருந்தே உண்மையில் செத்துப்போவார்கள். உரிய சிகிச்சை கொடுத்தால் மீண்டும் வருவார்கள். அந்த மூவரில் இருவர் வந்தார்கள்.

"பால் மட்டும் குடிச்சீங்களே, அது எப்படி?"

அவர் என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "அந்த சார் கையில கொண்டாந்து குடுப்பாரு. வாங்கலன்னா அவரு மனசு சங்கடப்படும்."

பின்னால் திரும்பிப் பார்த்தேன். சார்ஜன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தார். அந்த ஒரு டம்ளர் பால் இல்லாவிட்டால் அந்த மனிதர் என்றைக்கோ போயிருப்பார்.

அடுத்தது துணை இயக்குநரின் அறை. பெரிய அதிகாரி விடுப்பில் இருந்ததால் அன்று அவர்தான் பொறுப்பு. மலாய்க்காரர், மரியாதையான மனிதர், நோன்பில் களைத்திருந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை மருத்துவ உதவியாளர் வருவார், அவர் கடிதம் எழுதுவார், மருத்துவமனையில் தேதி வாங்கலாம் என்றார். இன்றே அனுப்ப வேண்டும் என்றேன். இன்று வெள்ளிக்கிழமை, நோன்பு மாதத்தில் சீக்கிரம் வேலை முடிகிறது, வழிக்காவலுக்கு ஆள் இல்லை, திங்கட்கிழமை என்றார். இன்றே என்றேன். மேடம், உங்கள் வேலை சிபாரிசு செய்வது, முடிவெடுப்பது நாங்கள் என்றார். அது உண்மைதான், எனக்கு அதிகாரம் இல்லை.

வழக்கமாக இந்த இடத்தில் நான் வெடித்திருப்பேன். அன்று வெடித்தால் அந்த மனிதர்தான் பலி என்று தெரிந்தது. கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். பேனாவையும் மூடியைத் திறந்து வைத்தேன். 'துவான்', ஐயா, என்று மரியாதையாகவே தொடங்கினேன்.

"துவான், இந்தக் கைதி ஐந்து வாரத்துக்கு மேலாகச் சாப்பிடவில்லை என்று நான் இன்று உங்களிடம் சொன்னேன் என்று எழுதுங்கள். திங்கட்கிழமை அனுப்பினால் போதும் என்று நீங்கள் முடிவு செய்ததாகவும் எழுதுங்கள். கையெழுத்தும் நேரமும் போடுங்கள். நான் எழுந்து வீட்டுக்குப் போகிறேன்."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். கதவைப் பூட்டி என்னையும் உள்ளே போட்டாலொழிய நகர்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சற்று நேரம் கழித்து அவர் மேசைத் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். டாக்டரை அழைத்தேன். அவர் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார், துணை இயக்குநரிடம் இரண்டு நிமிடம் பேசினார், பிறகு மருத்துவமனையின் அவசரப் பிரிவைத் தானே அழைத்துச் சொல்லி வைத்தார்.

வழிக்காவலுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு மலாய்க் கார்ப்பரல் வருவதாகச் சொன்னார். இன்னொருவர் கிடைக்கவில்லை. சார்ஜனின் வேலை நேரம் முடிந்து அரை மணியாகியிருந்தது. அவர் கதவோரம் நின்று, "நான் போறேன் துவான்" என்றார். வண்டி நாலரை மணிக்குக் கிளம்பியது. துணை இயக்குநரிடம் குடும்பத்துக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். தலையாட்டினார். கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்த அக்காளை என் காரில் ஏற்றிக்கொண்டு வண்டியின் பின்னாலேயே போனேன்.

மருத்துவமனையில் நோன்பு திறக்கும் நேரம் வந்தபோது கார்ப்பரல் பையில் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டே நின்றார். அந்த மனிதரின் கையில் ஊசி குத்தி சொட்டு மருந்து இறங்க ஆரம்பித்த பிறகுதான் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மீதியைச் சார்ஜனுக்கும் எனக்கும் நீட்டினார். சாப்பிட்டோம்.

மறு வாரமே சிறையில் விசாரணை தொடங்கியது. சார்ஜனிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். பதிவேட்டில் முதல் 'புவாசா' அவர் கையெழுத்தில் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. டாக்டர் என்னை அழைத்தார்.

"அறிக்கையைத் திருத்தி அனுப்பலாம். பதினான்காம் பத்தியை எடுத்துவிடுவோம். யாரும் கவனிக்க மாட்டார்கள்."

"எடுக்க மாட்டேன். கீழே இன்னொரு பத்தி சேர்க்கப் போகிறேன். முதல் வருகையில் இந்தக் கைதியை நான் நேரில் பார்த்தேன், பட்டினியை விரதம் என்று எடுத்துக்கொண்டு பாராட்டி எழுதினேன், அது தவறு."

டாக்டர் பெருமூச்சு விட்டார். அப்படி எழுதினால் சிறைத் தரப்பு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும், உங்கள் ஆளே சரி என்றாரே என்று சொல்வார்கள், மற்றக் குறைகளும் அடிபட்டுப் போகும் என்றார். அதுவும் நியாயம்தான், மறுக்க முடியவில்லை. வீட்டில் கணவரிடம் சொன்னேன். "உன் தப்ப நீயே தமுக்கடிச்சுச் சொல்லணுமா? வேற வேல இல்லயா உனக்கு?" என்றார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் அன்றிரவு சாப்பிடும்போது அவரே, "அந்தப் பத்திய எடுத்தா சார்ஜன் மட்டும்தானே மாட்டுவாரு" என்றார். எனக்கும் அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

வெட்கமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். முப்பத்தோரு ஆண்டு பெயரெடுத்தவள், பயிற்சிப் பெண்களைக் கேள்வி கேட்கத் தெரியவில்லை என்று திட்டித் தீர்த்தவள், இந்த வயதில் அதே கேள்வியைக் கேட்டேன் என்று நாலு பேர் படிக்க எழுத வேண்டும். ஆனால் நான் எழுதாவிட்டால், தப்பு ஒரு சார்ஜனின் கையெழுத்தோடு முடிந்துவிடும். அவரை இடம் மாற்றிவிட்டு, அதே கட்டத்தில் அதே சொல்லை வேறொருவர் எழுதுவார். மனநல வார்டிலேயே வாழ்ந்தவளும் அதே குழியில் விழுந்தாள் என்று தெரிந்தால்தான் குழியை மூடுவார்கள்.

டாக்டரும் நானும் அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து அந்தப் புதிய பத்தியை ஏழு தடவை எழுதினோம். என் தவறு முதலில். சார்ஜன் கையில் கொடுத்த பால்தான் அந்த உயிரைப் பிடித்து வைத்தது என்பது அடுத்து. இனத்தைப் பார்த்துச் சமயத்தை நிரப்பும் பழக்கம் நிற்க வேண்டும், உள்ளே வருகிறவர் வெளியில் என்ன மருந்து சாப்பிட்டார் என்று குடும்பத்திடம் கேட்க வேண்டும் என்று எழுதினோம். தட்டு இரண்டு நாள் திரும்பி வந்தால் எடை பார்க்க வேண்டும், கட்டத்தில் காரணம் எழுதுவதானால் கைதி சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும் என்றும் எழுதினோம். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால், ஒன்றும் சொல்லவில்லை என்று எழுத வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் நான் அதிகம் சண்டை போட்டேன்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போய்ச் சொன்னேன். சார்ஜனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். எனக்கு யாரும் எச்சரிக்கை கொடுக்கவில்லை. அது நியாயமில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த மனிதருக்கு மருத்துவமனையில் மின்சிகிச்சை கொடுத்தார்கள், மருந்தும் கொடுத்தார்கள். ஆறு வாரம் இருந்தார். இடையில் அக்கா எனக்கு ஒரே ஒரு தடவை தொலைபேசியில் பேசினார். "என்னைய அடையாளம் தெரிஞ்சுக்கிட்டான் அக்கா. ஆனா பேச்சு இல்ல" என்றார். பிழைத்துக்கொண்டார் என்பதற்கும் மீண்டு வந்துவிட்டார் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் எதையும் நம்பிக்கொள்ளவில்லை.

ஆடி மாதத்தில் மறுபடி அந்தச் சிறைக்குப் போனோம். டாக்டர் பதிவேட்டுக்குப் போனார், நான் சாப்பாட்டு நேரத்துக்குப் போனேன். புதிய பதிவேட்டில் கட்டம் அகலமாக இருந்தது. 'பல்வலி என்கிறார்.' 'பிடிக்கவில்லை என்கிறார்.' ஓர் இடத்தில், 'ஒன்றும் சொல்லவில்லை. எடை பார்க்கப்பட்டது.' நான் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தேன்.

அவர் இப்போது கடைசி அறையில் இல்லை. மற்றவர்களோடு நீள மேசையில் உட்கார்ந்திருந்தார். கன்னம் கொஞ்சம் நிரம்பியிருந்தது. முன்னால் சோறு, பருப்புக் குழம்பு, முட்டைக்கோஸ். கையில் கரண்டி. சாப்பிடுகிறாரா, பிசைகிறாரா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. சார்ஜன் தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"சாப்பாட்டப் பத்திச் சொல்லுங்க," என்றேன். வாயை மூடினேன்.

அவர் அவசரப்படவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். குழம்பை முறைத்துப் பார்த்தார்.

"உப்பே இல்லக்கா," என்றார். "எத்தன தடவதான் சொல்றது இவங்ககிட்ட."

சார்ஜன் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுந்து சமையலறைப் பக்கம் போனேன், கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனேன். அந்த வருகையின் அறிக்கையில் பதினான்காம் பத்தி இது: "பருப்புக் குழம்பில் உப்பு இல்லை என்று ஒரு கைதி புகார் செய்தார். நான் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன். அவர் சொல்வது சரி. உடனே கவனிக்கவும்."